மூச்சை அளந்த மனிதர்: ஜான் ஸ்காட் ஹால்டேன் (1860 - 1936)

துபாயோ தோஹாவோ சென்னையோ, எந்த ஊர் மருத்துவமனையானாலும் தீவிர சிகிச்சைப் பிரிவில் கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் ஒரு சிறு கருவியைப் பார்க்கலாம். ஒளி ஊடுருவும் குழாய் ஒன்று. அதற்குள் ஒரு குண்டு மிதந்துகொண்டிருக்கும். பக்கத்தில் எண்கள். குண்டு எந்த எண்ணுக்கு நேராக நிற்கிறதோ, நிமிடத்துக்கு அத்தனை லிட்டர் பிராணவாயு நோயாளிக்குப் போகிறது என்று பொருள். அறுவை சிகிச்சை அரங்கில் மயக்க மருந்து கொடுக்கும் எந்திரத்திலும் இதைப் போன்ற ஓர் ஏற்பாடு உண்டு. செவிலியர் அந்த எண்ணைக் குறித்துக்கொள்கிறார். மருத்துவர் கூட்டச் சொல்கிறார், அல்லது குறைக்கச் சொல்கிறார். மருந்துக்கு மில்லிகிராம் போலப் பிராணவாயுவுக்கும் ஓர் அளவு உண்டு என்பதை இன்று யாரும் கேள்வி கேட்பதில்லை.

ஒரு நூற்றாண்டுக்கு முன்பு நிலைமை வேறாக இருந்தது. சிலிண்டரைத் திறந்துவிட்டு, ரப்பர் குழாயின் நுனியில் ஒரு புனலை மாட்டி, மூச்சுத் திணறுபவரின் முகத்துக்கு அருகே பிடிப்பார்கள். வாயுவில் பெரும்பகுதி அறைக்காற்றோடு கலந்து வீணாகும். எவ்வளவு உள்ளே போயிற்று, போனது போதுமா என்று சொல்ல வழியில்லை. சாகப் போகிறவருக்குச் செய்யும் கடைசி ஆறுதலாகவே பலர் அதை எண்ணினார்கள். இந்த நிலையை மாற்றி, பிராணவாயுவை அளந்து கொடுக்கும் மருந்தாக்கியவர்களில் முதன்மையானவர் ஜான் ஸ்காட் ஹால்டேன்.

இவரைப் பற்றி வளைகுடாவில் வாழும் தமிழர்கள் அறிந்துகொள்ள இன்னொரு காரணமும் உண்டு. எழுபத்தைந்து வயதில் இவர் மேற்கொண்ட கடைசி ஆய்வுப் பயணம் பாரசீக வளைகுடாவின் தலைப்பகுதிக்குத்தான். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில் வெப்பத்தால் சுருண்டு விழுந்த தொழிலாளர்களுக்கு என்ன நேர்ந்தது என்று கண்டறிய அவர் போனார்.

குடும்பமும் இளமையும்

1860 ஆம் ஆண்டு மே மாதம் ஸ்காட்லாந்தின் தலைநகர் எடின்பரோவில் ஹால்டேன் பிறந்தார். கிளெனீகிள்ஸ் பகுதியின் பழங்குடிப் பெருமை வாய்ந்த ஹால்டேன் குடும்பம் அவருடையது. அக்குடும்பத்தின் மரபுச் சின்னத்தில் பொறித்திருக்கும் ஒற்றைச் சொல்லைத் தமிழில் பொறுத்துக்கொள் என்று பெயர்க்கலாம். பின்னாளில் தம் உடலையே ஆய்வுக்கூடமாக்கிக்கொண்ட ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது.

அண்ணன் ரிச்சர்ட் ஹால்டேன் அரசியலில் புகுந்து, பிரிட்டனின் போர் அமைச்சராகவும் பின்னர் லார்ட் சான்ஸலராகவும் உயர்ந்தார். சகோதரி எலிசபெத் எழுத்தாளர். தாய்மாமன் ஜான் பர்டன் சாண்டர்சன் ஆக்ஸ்போர்டில் உடலியல் பேராசிரியர். இப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த ஜான், எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1884 ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். ஆனால் மருத்துவமனை வைத்துப் பொருளீட்ட அவருக்கு மனம் வரவில்லை. மனிதன் மூச்சாக இழுக்கும் காற்றில் என்ன இருக்கிறது என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. அந்தப் பிடி கடைசிவரை விடவில்லை.

முதல் ஆய்வு டண்டீ நகரத்தில் நடந்தது. சணல் ஆலைகள் நிறைந்த ஊர் அது. தொழிலாளர் குடும்பங்கள் ஒற்றை அறை வீடுகளில் நெருக்கியடித்துக்கொண்டு தூங்கின. வேதியியல் பேராசிரியர் தாமஸ் கார்னெல்லியுடன் சேர்ந்து ஹால்டேன் இரவு நேரத்தில் அந்த வீடுகளுக்குப் போனார். கண்ணாடிக் குப்பிகளில் காற்றைப் பிடித்து வந்து, அதிலுள்ள கரியமில வாயுவையும் நுண்ணுயிர்களையும் அளந்தார். பள்ளிக்கூடங்களின் காற்று, சாக்கடைக் குழாய்களின் காற்று எல்லாம் அளக்கப்பட்டன. சாக்கடைக் காற்றே நோய்களின் பிறப்பிடம் என்று அன்று பலரும் அஞ்சினார்கள். ஆனால் நுண்ணுயிர்களை எண்ணிப் பார்த்தபோது, ஏழைகள் உறங்கும் அறையின் காற்று சாக்கடைக் காற்றைவிடக் கேடாக இருந்தது.

1887 ஆம் ஆண்டு மாமனின் துறையில் பணியாற்ற அவர் ஆக்ஸ்போர்டுக்கு வந்தார். 1891 இல் லூயிசா கேத்லீன் டிராட்டரை மணந்தார். 1892 இல் பிறந்த மகன் ஜே.பி.எஸ். ஹால்டேன் மரபியலில் உலகப் புகழ் பெற்றவர். 1897 இல் பிறந்த மகள் நவோமி மிச்சிசன் நாவலாசிரியர், நூறு வயதைத் தாண்டி வாழ்ந்தவர்.

சுரங்கத்து நச்சுக்காற்று

1896 ஆம் ஆண்டு ஜனவரி மாதம் தெற்கு வேல்ஸின் டைலர்ஸ்டவுன் நிலக்கரிச் சுரங்கத்தில் வெடிவிபத்து நேர்ந்தது. 57 பேர் மாண்டார்கள். வெடியின் அதிர்ச்சியிலும் நெருப்பிலும் இறந்தார்கள் என்றுதான் எல்லோரும் கருதினார்கள். ஹால்டேன் சுரங்கத்துக்குப் போய் உடல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பலருடைய தோல் இளஞ்சிவப்பாக இருந்தது. இரத்தத்தைச் சோதித்ததும் உண்மை வெளிப்பட்டது. பெரும்பாலோரைக் கொன்றது வெடிப்புக்குப் பின் சுரங்கத்தில் பரவிய கார்பன் மோனாக்ஸைடு.

அந்த வாயுவை அவர் ஏற்கெனவே நன்றாக அறிவார். முந்தைய ஆண்டுகளில் ஆய்வகத்தில் உட்கார்ந்து, கார்பன் மோனாக்ஸைடு கலந்த காற்றைத் தாமே இழுத்து, நாடித் துடிப்பையும் பார்வையையும் நடையையும் நிமிடக் கணக்கில் குறித்து வைத்திருந்தார். இரத்தத்தின் பாதியளவு நச்சேறிக் கால்கள் தள்ளாடும் வரை சோதனை நீண்டது. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் பிராணவாயுவைச் சுமந்து திரிவது. கார்பன் மோனாக்ஸைடு பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக அதைப் பற்றிக்கொள்ளும். ஆகவே காற்றில் சொற்ப அளவு இருந்தாலும் போதும். நுரையீரல் சரியாக இருக்கும், இதயம் துடிக்கும், ஆனால் இரத்தம் வெறுங்கையோடு ஓடிக்கொண்டிருக்கும்.

மணமும் நிறமும் இல்லாத இந்த வாயுவைச் சுரங்கத் தொழிலாளி எப்படி அறிவான்? ஹால்டேன் எளிய வழி ஒன்று சொன்னார். சிறு பிராணிகள் வேகமாக மூச்சு விடுவதால் மனிதனுக்கு முன்பே மயங்கி விழும். எனவே மீட்புக் குழுவினர் எலியையோ சிறு பறவையையோ கூண்டில் கொண்டுபோகலாம் என்றார். அதுவே கனேரிக் குருவி சுரங்கத்துக்குள் போன கதை. பிரிட்டிஷ் சுரங்கங்களில் 1986 வரை அந்தக் குருவிகள் பணியில் இருந்தன.

பிள்ளைகளையும் அவர் இந்தப் பள்ளியிலேயே வளர்த்தார். சிறுவன் ஜாக்கை ஒருமுறை சுரங்கத்துக்கு அழைத்துப் போய், மீத்தேன் வாயு தங்கியிருந்த ஓரிடத்தில் நிற்க வைத்து, ஷேக்ஸ்பியரின் ஜூலியஸ் சீசர் நாடகத்தில் மார்க் ஆண்டனி ஆற்றும் உரையை ஒப்பிக்கச் சொன்னார். பையன் சில அடிகள் சொல்வதற்குள் மூச்சிரைத்துக் கீழே சாய்ந்தான். தரைமட்டத்தில் நல்ல காற்று இருந்ததால் தெளிந்து எழுந்தான். மீத்தேன் காற்றைவிட இலேசானது, மேலேதான் தங்கும் என்ற பாடம் மகனுக்கு ஆயுள் முழுதும் மறக்கவில்லை. இன்றைய பெற்றோர் யாரும் இந்த முறையைப் பின்பற்ற வேண்டியதில்லை!

மூச்சை இயக்குவது எது?

வடக்கு ஆக்ஸ்போர்டில் ஆற்றங்கரையில் ஹால்டேன் கட்டிய செர்வெல் என்ற வீட்டிலேயே ஆய்வகமும் காற்றுப் புகாத அறையும் இருந்தன. இன்று வுல்ஃப்சன் கல்லூரி நிற்கும் இடம் அது. பல சோதனைகளின் முடிவில், 1905 ஆம் ஆண்டு ஹால்டேனும் இளம் சகா ஜான் கில்லிஸ் பிரீஸ்ட்லியும் உடலியலின் பழைய கேள்வி ஒன்றுக்கு விடை சொன்னார்கள். நம்மை மூச்சு விடத் தூண்டுவது எது?

பிராணவாயு குறைவதே காரணம் என்றுதான் எவருக்கும் தோன்றும். அவர்கள் கண்டது வேறு. சாதாரண வேளைகளில் நம் மூச்சை முடுக்குவது உடலில் சேரும் கரியமில வாயு. நுரையீரலின் நுண்ணறைகளில் அதன் அளவு இம்மியளவு கூடினாலும் மூளை உடனே மூச்சை ஆழப்படுத்திவிடுகிறது.

முத்துக்குளிப்பை நினைத்துக்கொண்டால் இது எளிதாக விளங்கும். மன்னார் வளைகுடாவில் கீழக்கரை, தூத்துக்குடி மக்களும், பாரசீக வளைகுடாவில் பஹ்ரைன், ராஸ் அல் கைமா, துபாய் மக்களும் நூற்றாண்டுகளாக ஒரே தொழிலைச் செய்தவர்கள். மூச்சடக்கிக் கல்லைக் கட்டிக் கடலடிக்குப் போவார்கள். அரபுக் குளிப்பாளிகள் இலங்கைக் கரைக்கு வந்து நம்மவர்களோடு முத்துக்குளித்ததும் உண்டு. மேலே வந்து மூச்சு விடு என்று நெஞ்சை முட்டும் தவிப்பு, தேங்கிய கரியமில வாயு அடிக்கும் எச்சரிக்கை மணி. குதிப்பதற்கு முன் பலமுறை வேகவேகமாக மூச்சு விட்டுக் கரியமில வாயுவை வெளியேற்றியவனுக்கு அந்த மணி தாமதமாகவே அடிக்கும். அது அடிப்பதற்குள் பிராணவாயு தீர்ந்து, தவிப்பே இல்லாமல் நினைவு தப்பிவிடக் கூடும்.

இதே உண்மையை 2020 ஆம் ஆண்டின் கொரோனா வார்டுகள் இன்னொரு முறை காட்டின. விரல் நுனிக் கருவியில் பிராணவாயு அபாயமாகக் குறைந்து காட்டும், நோயாளியோ திணறாமல் கைப்பேசியில் பேசிக்கொண்டிருப்பார். நுரையீரல் கெட்ட நிலையிலும் கரியமில வாயு எளிதில் வெளியேறிக்கொண்டிருந்தது இதற்கு ஒரு முக்கியக் காரணம். எச்சரிக்கை மணி அடிக்கவில்லை. உணர்வை நம்பாதே, அளந்து பார் என்ற ஹால்டேனின் வழி எத்தனை உயிர்களுக்கு உதவியது என்பதை அந்த வார்டுகளில் வேலை பார்த்த செவிலியர்கள் அறிவார்கள்.

ஆழ்கடலும் ஆடுகளும்

கனத்த தலைக்கவசமும் காற்றுக் குழாயுமாக ஆழத்தில் வேலை செய்யும் முக்குளிப்பாளர்கள் மேலே வந்தபின் மூட்டு வலியில் முறுகிப்போவதும், முடங்குவதும், சாவதும் அன்று சாதாரணம். அழுத்தத்தில் இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன், சோடா புட்டியைத் திறந்ததும் பொங்குவதுபோல் குமிழாக வெளிவருவதே காரணம். பிரிட்டிஷ் கடற்படை ஹால்டேனின் உதவியைக் கேட்டது.

இரும்பு அறை ஒன்றில் ஆடுகளை அடைத்து, அழுத்தத்தைக் கூட்டி, பலவிதமாகக் குறைத்துப் பார்த்தார்கள். வலி வந்த ஆடு முன்னங்காலைத் தூக்கிக்கொள்ளும். இரண்டு மடங்கு அழுத்தத்திலிருந்து சாதாரண அழுத்தத்துக்குச் சட்டென வந்தால் தீங்கில்லை என்பதை ஹால்டேன் கவனித்தார். அப்படியானால் நான்கிலிருந்து இரண்டுக்கும் சட்டென வரலாம். அங்கே நின்று இளைப்பாறி, பிறகு படிப்படியாக மேலே வர வேண்டும். 1906 ஆம் ஆண்டு ஸ்காட்லாந்துக் கடலில் டாமன்ட், காட்டோ என்ற இரு கடற்படையினர் இந்த முறைப்படி 210 அடி ஆழம் வரை போய் நலமாகத் திரும்பினார்கள். பதின்மூன்று வயது ஜாக்கும் தந்தையின் சம்மதத்தோடு அங்கே ஒருமுறை கடலில் இறங்கினான்.

1908 இல் ஆர்தர் பாய்காட், டாமன்ட் ஆகியோருடன் ஹால்டேன் வெளியிட்ட அட்டவணைகள் உலகக் கடற்படைகள் பலவற்றின் பாடநூலாயின. இன்று வளைகுடாவின் எண்ணெய்க் கிணற்று மேடைகளுக்கு அடியில் குழாய்களைப் பற்றவைக்கும் முக்குளிப்பாளர், மேலே வரும் வழியில் குறித்த ஆழத்தில் குறித்த நிமிடம் காத்திருக்கிறார். கணக்குகள் பலமுறை திருத்தப்பட்டுவிட்டன. ஆனால் படிப்படியாக வா என்ற அடிப்படை அவருடையது.

மலை உச்சியும் ஒரு பிடிவாதமும்

1911 ஆம் ஆண்டு கோடையில் ஹால்டேனும் மூன்று சகாக்களும் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் பைக்ஸ் சிகரத்தின் உச்சியில் ஐந்து வாரம் தங்கினார்கள். ஏறத்தாழ 4,300 மீட்டர் உயரம். மெல்லிய காற்றுக்கு உடல் எப்படிப் பழகுகிறது என்பதே ஆய்வு. மூச்சு ஆழமாவதும், இரத்தத்தில் ஹீமோகுளோபின் பெருகுவதும் துல்லியமாகப் பதிவாயின.

ஆனால் ஒரு விஷயத்தில் ஹால்டேன் தவறினார். பிராணவாயு குறையும்போது நுரையீரல் ஒரு சுரப்பி போல் முயன்று அதை இரத்தத்துக்குள் செலுத்துகிறது என்று அவர் நம்பினார். டென்மார்க்கின் ஆகஸ்ட் குரோ, கேம்பிரிட்ஜின் ஜோசப் பார்கிராஃப்ட் போன்றோரின் சோதனைகள் அப்படி எதுவும் இல்லை, வாயு தானாகவே பரவிச் செல்கிறது என்று காட்டின. ஹால்டேன் கடைசிவரை தம் கருத்தைக் கைவிடவில்லை. உயிர் வெறும் எந்திரம் அன்று என்ற அவருடைய தத்துவ நம்பிக்கைக்கும் இந்தப் பிடிவாதத்துக்கும் தொடர்பு இருக்கலாம். அளவையே நம்பிய மனிதரும் ஓரிடத்தில் அளவை மீறி நம்பினார் என்பதைச் சொல்லாமல் விட்டால் வரலாறு முழுமையாகாது.

1913 இல் ஆக்ஸ்போர்டின் உடலியல் பேராசிரியர் பதவி அவருக்குக் கிடைக்கவில்லை. அது சார்ல்ஸ் ஷெரிங்டனுக்குப் போயிற்று. ஹால்டேன் பல்கலைக்கழக வேலையை விட்டு, சுரங்க ஆய்வகத்தில் கவனம் செலுத்தினார்.

போர்க்களத்தில் பிறந்த கருவி

1915 ஏப்ரல் 22. பெல்ஜியத்தின் ஈப்ர நகருக்கு அருகே ஜெர்மானியப் படை குளோரின் வாயுவைத் திறந்துவிட்டது. மஞ்சள் பச்சைப் புகை பதுங்குகுழிகளில் இறங்கியது. போர் அமைச்சர் கிச்சனர் உடனே ஹால்டேனைப் பிரான்சுக்கு அனுப்பினார். மூச்சுத் திணறிக் கிடந்த கனடியப் படைவீரர்களைப் பார்த்து அது குளோரின்தான் என்று அவர் உறுதி செய்தார். வீட்டுப் பெண்கள் அவசரமாகத் தைத்து அனுப்பிய வெறும் பஞ்சுப் பட்டைகள் பயன்படா என்றும் சொன்னார். அவரும் சகாக்களும் குளோரினைத் தாங்களே முகர்ந்து, எந்த முகமூடி தாங்கும் என்று சோதித்தார்கள். அந்தச் சோதனைகளுக்காக மகன் ஜாக்கும் போர்முனையிலிருந்து அழைக்கப்பட்டார். தந்தையின் நுரையீரல் அதன் பிறகு பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

முகமூடி வருமுன் காக்கும். வாயு தாக்கியபின் என்ன செய்வது? நுரையீரலில் நீர் கோத்து, உடல் நீலம் பாரித்து, வீரர்கள் நாட்கணக்கில் மூழ்குவதுபோல் தவித்தார்கள். 1917 ஆம் ஆண்டு பிப்ரவரியில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஹால்டேன் பிராணவாயு சிகிச்சை பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் தாம் வடிவமைத்த கருவியையும் விளக்கினார்.

பார்வைக்கு எளிய கருவிதான். சிலிண்டரில் நூறு மடங்குக்கு மேற்பட்ட அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் வாயுவை மட்டுப்படுத்த ஒரு வால்வு. நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று எண்கள் பொறித்த ஒரு திருகு. அதையடுத்து ஒரு சிறு ரப்பர் பை. கடைசியில் முகத்தோடு படியும் முகமூடி. நோயாளி மூச்சை வெளியே விடும்போது வாயு வீணாகாமல் பையில் சேரும். அடுத்த மூச்சை இழுத்ததும் பையில் சேர்ந்தது முதலில் நுரையீரலுக்குப் போகும். கொஞ்சம் வாயுவைக் கொண்டு நெடுநேரம், நாட்கணக்கில்கூடத் தொடர்ந்து சிகிச்சை தரலாம். போர்க்களத்தில் சிலிண்டரைச் சுமந்து வருவது எளிதன்று என்பதால் இந்தச் சிக்கனம் உயிர்காத்தது.

இந்தக் கருவியின் ஒவ்வோர் உறுப்புக்கும் இன்று வாரிசு உண்டு. அழுத்தம் குறைக்கும் வால்வு ஒவ்வொரு சிலிண்டரின் தலையிலும் இருக்கிறது. எண் பொறித்த திருகின் இடத்தில் மிதக்கும் குண்டு. அவசர சிகிச்சையில் பயன்படும் பை வைத்த முகமூடியில் அதே ரப்பர் பையின் பிளாஸ்டிக் வடிவம்.

அளவு என்றால் குறைவை மட்டும் பார்ப்பதன்று. மிகுதியும் கேடு. ஹால்டேனோடு உழைத்த ஜேம்ஸ் லோரெய்ன் ஸ்மித் 1899 இலேயே மிகையான பிராணவாயு நுரையீரலைப் புண்ணாக்கும் என்று விலங்குகளில் காட்டியிருந்தார். நாள்பட்ட நுரையீரல் நோயாளிகளுக்கு அளந்த விகிதத்தில் பிராணவாயு தர 1960 இல் மோரன் கேம்பல் வென்ட்சுரி முகமூடியை அறிமுகம் செய்தார். பெரும்பாலோருக்கு இரத்தச் செறிவு 94 முதல் 98 விழுக்காடு, அத்தகைய நோயாளிகளுக்கு 88 முதல் 92 என்று பிரிட்டிஷ் மார்பு நோய் மருத்துவர்களின் நெறிமுறை சொல்கிறது.

வெப்பம் என்னும் எதிரி

ஹால்டேனின் இன்னோர் ஆய்வு வெப்பத்தைப் பற்றியது. கார்ன்வால் பகுதியின் ஆழமான வெள்ளீயச் சுரங்கங்களில் தொழிலாளர்கள் வெந்து வேலை செய்தார்கள். எந்த அளவு வெப்பத்தை மனிதன் தாங்குவான்? சூடான அறைகளிலும் சுரங்கங்களிலும் தாமே உட்கார்ந்தும் உழைத்தும், உடல் வெப்பத்தை அளந்தும் 1905 இல் அவர் விடை சொன்னார்.

சாதாரண வெப்பமானி காட்டும் எண் போதாது. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் எண்ணே முக்கியம். நம் உடல் வியர்வையை ஆவியாக்கித்தான் குளிர்கிறது. காற்று ஏற்கெனவே ஈரத்தால் நிறைந்திருந்தால் வியர்வை வழியுமே தவிர உலராது. அசைவற்ற காற்றில் ஈரக்குமிழ் வெப்பமானி ஏறத்தாழ 31 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், சும்மா உட்கார்ந்திருப்பவருக்கும் உடல் வெப்பம் ஏறத் தொடங்குகிறது. கடின வேலை செய்பவருக்கு எல்லை அதைவிடக் கீழே. காற்று வீசினால் எல்லை சற்று உயரும்.

வியர்வையோடு உப்பும் போகிறது. வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டிருந்த சுரங்கத் தொழிலாளர்களுக்குத் தசைப்பிடிப்பு ஏன் வருகிறது என்பதை 1923 இல் கென்னத் நெவில் மோஸ் ஆராய்ந்தார். இழந்த உப்பையும் ஈடு செய்ய வேண்டும் என்ற கருத்தை ஹால்டேனும் வலியுறுத்தினார். நீராகாரத்தில் உப்பிட்டுக் குடித்துவிட்டு வயலுக்குப் போன நம் முன்னோருக்கு இது வியப்பாக இருந்திருக்காது.

வளைகுடாவுக்குக் கடைசிப் பயணம்

1908 இல் பாரசீகத்தின் மஸ்ஜித் சுலைமானில் எண்ணெய் கிடைத்தது. வளைகுடாவின் தலைமாட்டில், ஷத் அல் அராப் ஆற்றங்கரையில் அபதான் தீவில் ஆங்கிலோ பாரசீக எண்ணெய்க் கம்பெனி எழுப்பிய சுத்திகரிப்பு ஆலை 1912 முதல் இயங்கியது. இந்தியாவிலிருந்தும் ஏராளமான தொழிலாளர்களைக் கம்பெனி கொண்டுவந்தது. 1920 இலும் 1922 இலும் அவர்கள் அங்கே வேலைநிறுத்தம் செய்ததை வரலாறு பதிவு செய்திருக்கிறது. துபாயும் அபுதாபியும் முத்தையும் மீனையும் நம்பியிருந்த காலத்திலேயே, எண்ணெய்க்காக வளைகுடாவுக்குக் கப்பலேறிய முதல் தலைமுறை இந்தியர்கள் இவர்கள்.

அபதானில் கோடை வெப்பம் 45 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். தென்கிழக்கிலிருந்து கடல் ஈரத்தை அள்ளிக்கொண்டு காற்று வரும் நாட்கள் இன்னும் கொடியவை. அத்தோடு உலைகளின் அனல். ஹீட் ஸ்ட்ரோக் எனப்படும் வெப்பத் தாக்கில் வியர்வை நின்று, உடல் கொதித்து, சுயநினைவு தப்பி மனிதர்கள் விழுந்தார்கள். பக்கத்துப் பஸ்ராவில் 1917 கோடையில் பிரிட்டிஷ் படைவீரர்களும் இந்தியப் படைவீரர்களும் இப்படியே மடிந்திருந்தார்கள்.

இந்த வெப்பத் தாக்கை ஆராயத்தான் ஹால்டேன் புறப்பட்டார். அதற்குள் அவர் அடையாத கௌரவம் இல்லை. 1897 இலேயே ராயல் சொஸைட்டி உறுப்பினர். 1916 இல் அதன் ராயல் பதக்கம். 1928 இல் அரசின் கம்பானியன் ஆஃப் ஹானர் விருது. 1934 இல் ராயல் சொஸைட்டியின் மிக உயர்ந்த காப்ளி பதக்கம். வீட்டில் ஓய்வெடுத்தபடி அறிக்கை கேட்டு வாங்கியிருக்கலாம். ஆனால் டண்டீயின் ஒற்றை அறை வீடு முதல் அவர் கடைப்பிடித்த முறை ஒன்றே. மனிதன் துன்பப்படும் இடத்துக்குப் போய், அங்கேயுள்ள காற்றைத் தானும் சுவாசித்துப் பார்ப்பது.

பாரசீகத்திலிருந்து திரும்பிய சிறிது காலத்தில், 1936 மார்ச் 14 ஆம் நாள் நள்ளிரவில் ஆக்ஸ்போர்டில் அவர் காலமானார்.

மகன் ஜே.பி.எஸ். ஹால்டேன் 1957 இல் இந்தியாவுக்குக் குடிபெயர்ந்து, இந்தியக் குடியுரிமை பெற்று, 1964 டிசம்பர் 1 ஆம் நாள் புவனேஸ்வரில் இறந்தார். அவர் விருப்பப்படி அவருடைய உடல் ஆந்திரத்தின் காக்கிநாடா மருத்துவக் கல்லூரிக்குப் பாடம் நடத்த அனுப்பப்பட்டது. உடல் அறிவுக்கே என்று வாழ்ந்த தந்தையின் பிள்ளை வேறெப்படிப் போவார்?

அவர் விட்டுச் சென்றது

2021 மே மாதத்தில் இந்தியா பிராணவாயுவுக்குத் தவித்தபோது, இந்தியக் கடற்படையின் கப்பல்கள் பஹ்ரைன், குவைத், கத்தார் துறைமுகங்களிலிருந்து திரவப் பிராணவாயுவையும் சிலிண்டர்களையும் ஏற்றி வந்தன. ஐ.என்.எஸ். தல்வார் பஹ்ரைனிலிருந்து மங்களூருக்கு வந்து சேர்ந்தது. முன்னொரு காலம் முத்துக்காகப் பாய்மரங்கள் போய்வந்த கடலில் அந்த மாதம் மூச்சு வந்தது. வாயு வந்து சேர்ந்தால் மட்டும் போதாது. அழுத்தம் குறைக்கும் வால்வும், எண் காட்டும் குழாயும், பொருந்தும் முகமூடியும் இல்லாவிட்டால் அது மறுபடியும் புனலில் வீணாகும் வாயுவே.

வெப்பத்தின் கதையும் அவர் காட்டிய திசையில்தான் போகிறது. ஐக்கிய அரபு அமீரகத்தில் 2005 முதல் கோடைகால நண்பகல் வேலைத் தடை நடைமுறையில் உள்ளது. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணிவரை திறந்த வெயிலில் வேலை வாங்கக் கூடாது. கத்தார் 2021 இல் இன்னும் ஒரு படி போய், கடிகாரத்தோடு வெப்பமானியையும் சட்டத்தில் சேர்த்தது. ஈரக்குமிழ் வெப்பத்தையும் வெயிலையும் சேர்த்துக் கணக்கிடும் குறியீடு 32.1 டிகிரியைத் தாண்டினால், எந்த நேரமானாலும் வேலையை நிறுத்த வேண்டும். ஹால்டேன் 1905 இல் ஈரத்துணி சுற்றிய வெப்பமானியோடு சுரங்கத்தில் நின்று சொன்னதற்கு இது வெகு அருகில் வருகிறது.

இந்தக் கடிகாரத்துக்கும் வெப்பமானிக்கும் உள்ள வேறுபாடு சிறியதன்று. ஆகஸ்டில் இரவு ஒன்பது மணிக்கு வெயில் இல்லை. ஆனால் கடலோரக் கட்டடத்தின் மேல்தளத்தில் கம்பி கட்டும் தொழிலாளியின் சட்டை நனைந்து ஒட்டிக் கிடக்கும், வியர்வை உலராது. கடிகாரம் அவரை வேலை செய்யச் சொல்லும். ஈரக்குமிழ் வெப்பமானி என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும். அங்கே யாராவது அதைப் பார்க்கிறார்களா என்பதே இன்றும் மிஞ்சியிருக்கும் கேள்வி.